சுவர் தெரியாத வீடு

வீட்டை வெறுமையாக வைத்திருப்பதே நாகரிகம் என்றோர் அபிப்பிராயம் இக்காலத்தில் எப்படியோ வேரூன்றிவிட்டது. வெள்ளைச் சுவர், அதன் நடுவே ஒரே ஒரு படம், மூலையில் ஒரு செடி, உட்கார்ந்தால் கறை படிந்துவிடுமோ என்று அஞ்சும்படியான ஒரு சோபா, இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளும் அடக்கத்துக்கே ரஸனை என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அவர்களோடு வழக்காடும் உத்தேசம் எனக்கில்லை. ஆனால் தரையிலும் சுவரிலும் கூரையின் உட்புறத்திலுங்கூட ஒரு சாண் இடம் சும்மா விடப்படாத செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றின் நிழலில் என் பால்யம் கழிந்ததாகையால், அத்தகைய வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அந்த நெருக்கத்தை வெறும் செல்வச் செருக்கு என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டுக் காருக்குத் திரும்பும்போது, அந்த வார்த்தையை ஒப்புக்கொள்ள என்னால் முடிவதில்லை.

என் தகப்பனார் அவ்வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். நாங்கள் குடியிருந்தது பின்தெருவில் ஒரு சிறிய ஓட்டு வீடு. பெரிய வீடோ ஒரு தெருவில் முகம் காட்டி மறு தெருவில் முதுகு காட்டுவது. செட்டிநாட்டில் அது அபூர்வமன்று. பள்ளிக்கூடம் விட்டதும் அதன் பின்வாசல் வழியாக நுழைந்து, ஒவ்வொரு கட்டாகக் கடந்து, கணக்கப்பிள்ளைகள் தாழ்வான மேஜைகளுக்குமுன் சம்மணமிட்டு எழுதிக்கொண்டிருக்கும் முகப்புவரைக்கும் போய்ச் சேரும் உரிமை எனக்கு இருந்தது. எல்லோரும் முன்னாலிருந்து பார்த்து வியக்கும் வீட்டை நான் பின்னாலிருந்து பார்த்துப் பழகியவன் என்பதனால், அவ்வலங்காரத்தின் கிரமம் மற்றவர்களைக் காட்டிலும் எனக்குச் சற்று முன்னதாகவே புலப்பட்டது என்று நினைக்கிறேன்.

பின்கட்டில் அடுப்பும் ஆட்டுரலும் கிணறும் புகை படிந்த விட்டங்களுந்தான். அங்கே அலங்காரமென்று சொல்லத்தக்கது, விடியற்காலையில் ஈர மாவினால் இடப்படும் கோலம் ஒன்றே. அதற்கு முந்திய கட்டில், ஒரே பந்தியில் ஓர் ஊரையே உட்கார வைக்கலாம் என்னும்படி நீண்டு கிடக்கும் போஜன சாலை. அதன் சுவர்களில் இடுப்பளவு உயரத்துக்கு ஜப்பானிலிருந்து வந்த பூப்போட்ட பீங்கான் ஓடுகள் பதித்திருக்கும். அதைத் தாண்டினால் வளவு. நடுவே வானம் பார்த்த முற்றம். சுற்றிலும் மரத் தூண்கள். தூண்களுக்குப் பின்னே தாழ்வாரம். தாழ்வாரத்தை ஒட்டிக் கலியாணமான பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பூட்டும் சாவியுமாக உரிமைப்பட்ட அறைகள். அந்த அறைகளின் நிலைகளில் கஜலக்ஷ்மியும் கிளிகளும் கொடிகளும் செதுக்கப்பட்டிருந்தன. வளவைக் கடந்து முகப்புக்கு வந்துவிட்டாலோ கண்ணுக்கு ஓய்வேது? இத்தாலியச் சலவைக்கல், பர்மாத் தேக்கில் ஒரே மரமாய்க் கடைந்து நிறுத்திய தூண்கள், ஆள் உயரத்துக்குமேல் எழும் பெல்ஜியம் நிலைக்கண்ணாடிகள், உத்தரத்திலிருந்து தொங்கும் நிறக் கண்ணாடிக் குண்டுகள், லஸ்தர் விளக்குகள் என்று கிழக்கும் மேற்கும் கலந்து குவிந்திருக்கும். வெளிவாசலின் உச்சியிலோ சுதையாலான லக்ஷ்மி தாமரையில் வீற்றிருக்க, இரு புறமும் துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் காவல் நின்றார்கள். பின்னாலிருந்து முன்னால் வர வர வீடு அணிகளைப் பூட்டிக்கொண்டே வந்து, தெருவை அடையும்போது சர்வாலங்கார பூஷிதையாகிவிடும்.

இத்தனையும் எங்கிருந்து வந்தன என்பதற்கு, என் தகப்பனார் காத்து வந்த பழைய பேரேடுகளைவிட நல்ல விடை வேறில்லை. 1852-ஆம் வருஷத்து யுத்தத்திற்குப்பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானதும், ஐராவதி முகத்துவாரத்தின் சதுப்பு நிலங்கள் நெல் வயல்களாகத் திருத்தப்பட்டதும், 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததனால் ஐரோப்பாவுக்குக் கடல்வழி குறுகியதும், அந்த வயல்களுக்குக் கடன் கொடுக்க நகரத்தார் கப்பலேறியதும் சரித்திர புஸ்தகங்களில் உள்ளவை. கொண்டுவிற்கப் போவது என்று அவர்கள் அதைச் சொல்வார்கள். மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் திரும்பும் ஆடவர், வட்டியை மட்டுமா கொண்டுவந்தார்கள்? ரங்கூனிலிருந்தும் மௌல்மேனிலிருந்தும் தேக்கு வந்தது. கொழும்பிலிருந்தும் பினாங்கிலிருந்தும் சைகோனிலிருந்தும் பீங்கானும் அரக்குச் சாமான்களும் வந்தன. ஐரோப்பியக் கம்பெனிகளின் படம் போட்ட விலைப்பட்டியல்களைப் பார்த்துக் கண்ணாடியும் சலவைக்கல்லும் தருவித்தார்கள். மழை அருகிய செம்மண் பூமியில், வீட்டு மனிதர்களில் பாதிப்பேர் எந்நாளும் கடலுக்கு அப்பால் இருக்க, எஞ்சிய பாதிப்பேர் அவர்கள் அனுப்பிய பொருள்களுக்கு நடுவே வாழ்ந்தார்கள்.

எல்லாம் அயல்நாட்டுச் சரக்கு என்று எண்ணிவிடலாகாது. சுவர்ப் பூச்சு உள்ளூர்க் கொத்தர்களின் வித்தை. சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, மெல்லிய மணலோடு அரைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பூச்சுகள் இட்டு, கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக் கருவைச் சேர்த்துக் கூழாங்கல்லால் நாள் முழுதும் தேய்த்தார்கள். தலைமுறை கடந்தும் வெள்ளையடிக்க வேண்டாத பளபளப்பு அந்தச் சுவருக்கு உண்டு. சித்திரை வெயிலில் கன்னத்தை வைத்தால் குளிரும். மேல்மாடித் தரை ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, அதன் கண்ணறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவிக் கலவையால் நிரப்பித் தட்டி, நீரில் ஊறவைத்து எடுப்பது அது, சூளையில் சுடுவதில்லை. அதன் மினுமினுப்பு கண்ணாடியிடம் வாங்கியது. அதைக் காப்பாற்றியது, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியும் நடக்கிறவர்களின் வெறுங்கால்களுமே.

இனிப் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவைதாம் என் உள்ளத்தை முதலில் ஆட்கொண்டவை. வளவின் நான்கு பத்திகளிலும், தூண்களின் தலைக்கு மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே, சுவரோடு சுவராக ஓடும் மரச்சட்டத்திலிருந்து படங்கள் வரிசையாக முன்னோக்கிச் சாய்ந்து தொங்கின. ஆணியைச் சுவரில் இறக்கினால் அந்த அருமையான பூச்சு வெடித்து உதிருமாகையால், சட்டத்தைத் தவிர வேறிடத்தில் சுத்தியல் ஓசை கேட்கலாகாது என்பது அவ்வீட்டுச் சட்டம். முன்னோக்கிச் சாய்ந்த படங்கள் கீழே நிற்பவனைக் குனிந்து விசாரிப்பன போலத் தோன்றும். பலா மரப் பலகையில் துணி ஒட்டி, சுக்கான்மாவும் பசையும் கலந்து மேடிட்டு, பொன் தகடும் கண்ணாடிக் கற்களும் பதித்த தஞ்சாவூர் ஓவியங்கள் பூஜை அறைக்கு அருகில் இருந்தன. மற்றவற்றில் பெரும்பாலானவை ரவி வர்மாவின் அச்சுப் படங்கள். அவர் 1894-இல் பம்பாயில் ஆரம்பித்த அச்சுக்கூடத்தில், ஜெர்மானிய யந்திரங்களைக் கொண்டு, ஒவ்வொரு வர்ணத்திற்கும் தனித்தனிக் கல்லாக வைத்து அச்சடித்த லக்ஷ்மியும் சரஸ்வதியும், அரண்மனைச் சுவரை விட்டிறங்கி எளியவர் வீட்டுச் சுவருக்கும் வந்தார்கள். எங்கள் ஓட்டு வீட்டிலும் அந்தச் சரஸ்வதி இருந்தாள். பெரிய வீட்டுச் சரஸ்வதிக்கு ஒரு வித்தியாசம்: அச்சிட்ட புடவையின்மேல் அசல் பட்டுத் துணியை வெட்டி ஒட்டி, சரிகைக் கரை தைத்து, வீணையின் குடத்துக்குச் சம்கி பதித்திருந்தார்கள். கலை விமரிசகர்கள் இதைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வார்கள் என்பதை அறிவேன். என்றாலும், மாலை விளக்கு ஏற்றியதும் அந்தச் சம்கி ஒவ்வொன்றாக ஒளி பெறுவதை அண்ணாந்து பார்த்த எனக்கு, வெறும் அச்சுப் படம் ஏதோ பாதியில் விட்ட வேலையாகவே பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது.

முகப்பில், தெய்வங்களுக்கு நடுவே, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி ராணியும் இருந்தார்கள். வளவில் மூதாதையரின் எண்ணெய் வர்ணச் சித்திரங்கள் இருந்தன. ரங்கூன் கடையின் முன் வரிசையாக உட்கார்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் இருந்தது. ஆல்ப்ஸ் மலைக் காட்சி ஒன்றும், பூனைக்குட்டியை அணைத்த ஐரோப்பியக் குழந்தை ஒன்றும், அவற்றை அடுத்துப் பழனியாண்டவரும் இருந்தார்கள். பார்ப்பவனுக்கு இது கந்தரகோளம். ஆனால் வீட்டுக்குப் பெரிய ஆச்சி அந்த வரிசையைச் செய்யுளின் சீர்களைப்போல மனப்பாடமாக வைத்திருந்தார். தெய்வங்கள் கிழக்கோ வடக்கோ பார்க்க வேண்டும். காலமானவர்கள் தென்சுவரில். ராஜா ராணியும் வெள்ளைக்காரக் குழந்தைகளும் முகப்போடு சரி, வளவுக்குள் வரலாகாது. அந்தப் பூனைக்குட்டிப் படம் மாத்திரம் வளவுக்குள் வந்ததற்கு, கடைசி மகள் சிறுமியாக இருந்தபோது அழுது அடம் பிடித்தது காரணம். கண்ணாடி, விளக்குக்கு எதிரே இருக்கலாம். படுக்கைக்கு எதிரே கூடாது. ஜோடியாக வந்தவற்றைப் பிரிக்கக் கூடாது. இவற்றுக்கெல்லாம் மேற்பட்ட விதி ஒன்றுண்டு. அதை நான் அறிந்துகொண்டது ஒரு கலியாணத்தின்போது.

காரைக்குடியில் 1948-இல் நேருஜி அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆராய்ச்சிக்கூடம் 1953-இல் திறக்கப்பட்ட காலத்தை ஒட்டியது அது. மூத்த பேத்திக்குக் கலியாணம் நிச்சயமாகிவிட்டது. பெரிய வீடுகள் ஆண்டு முழுவதும் ஒரே கோலத்தில் இருப்பதில்லை. பாதிச் சாமான் அறைகளில் பூட்டிக் கிடந்து கலியாணத்துக்குத்தான் வெளியே வரும். எழுத்து நன்றாக இருக்குமென்பதற்காக, சாமான் சிட்டை எழுதும் பொறுப்பில் தகப்பனாருக்குத் துணையாக என்னையும் உட்கார வைத்தார்கள். பெட்டகங்கள் திறக்கப்பட்டன. இலங்கைத் தேயிலைப் பெட்டிகளில் வைக்கோலுக்குள் புதைந்திருந்த லஸ்தர் விளக்கின் கண்ணாடித் தொங்கல்களை ஒவ்வொன்றாகச் சோப்புக்காய் நீரில் கழுவி, வெள்ளைத் துணிமேல் பரப்பி, எந்தக் கிளையில் எது என்று பார்த்துப் பித்தளைக் கொக்கிகளில் மாட்டினார்கள்; மெழுகுவத்திக்காகச் செய்த கிண்ணங்களில் மின்சார பல்புகள் ஏறின. ஆசாரி ஏணிமேல் நிற்பார். ஆச்சி கீழே முற்றத்தின் விளிம்பில் நின்றுகொண்டு, படம் ஒரு விரற்கடை சாய்ந்தாலும் சொல்வார். வளவில் ரத்தினக் கம்பளம் விரித்தார்கள். பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைப் பரப்பத் தொடங்கியபோது, அண்டா முதல் அகல் வரை பித்தளை ஒரு பக்கம், வெள்ளி ஒரு பக்கம், அடுக்கடுக்காக எனாமல் ஏனங்கள் ஒரு பக்கம், வண்ண ஓலைக் கொட்டான்களும் தடுக்குகளும் ஒரு பக்கம் என்று நடக்கவும் வழியில்லாமற்போயிற்று. எனாமல் ஏனங்களைக் கவிழ்த்து, அடியில் பொறித்த எழுத்துக்களைப் படித்துச் சிட்டையில் எழுதுவது என் வேலை. ஸ்வீடன், செக்கோஸ்லோவாகியா, ஜப்பான் என்னும் தேசங்களின் பெயர்களை நான் பூகோள பாடத்துக்கு முன்பே அந்த ஏனங்களின் அடியில்தான் படித்தேன்.

அப்போது படங்களின் வரிசையில், மங்கிப் பூஞ்சணம் ஏறிய ஒரு கிருஷ்ணர் படம் கண்ணுக்கு அசிங்கமாக இருப்பதைக் கண்ட சின்ன மகன், கலியாண வீட்டில் இது எதற்கு, எடுத்துவிடலாமே என்றார். அவர் சென்னையில் படித்தவர். வீடு சற்று மூச்சு விடட்டும் என்று அடிக்கடி சொல்பவர். ஆச்சி கோபிக்கவில்லை.

“அது தேவகோட்டைச் சம்பந்தி வச்சது. அவுக கலியாணத்துக்கு வந்து இந்தப் பத்தியில உட்காருவாக. உட்கார்ந்ததும் கண்ணு எங்கே போகும்? நம்ம வச்ச படம் எங்கேன்னு தேடாதா?” என்றார்.

படம் அங்கேயே இருந்தது. அந்தச் சம்பந்தி வந்து, சொல்லி வைத்தாற்போல் அதே பத்தியில் அமர்ந்து, வெற்றிலை மடித்துக்கொண்டே மேலே ஒருமுறை பார்த்ததை நானும் பார்த்தேன்.

அதன்பிறகு ஆச்சியிடம் நான் ஒவ்வொன்றாக விசாரிக்கத் தலைப்பட்டேன். இந்த ஜாடி யார், அந்தக் கடிகாரம் யார் என்றுதான் கேட்க வேண்டும். எவ்வளவு என்று கேட்டால் அவருக்கு விடை தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டார். சீராக வந்தவை, ஊர் திரும்பிய பங்காளி கையுறையாகக் கொணர்ந்தவை, கடன் தீர்க்க முடியாத ஒரு நண்பர் மனம் நொந்து கொடுத்துப் போன ஊஞ்சல் என்று, வீட்டிலிருந்த பொருள்களில் பெரும்பாலானவற்றை ஆச்சியோ செட்டியாரோ தாமாகத் தேர்ந்தெடுத்திருக்கவில்லை. பிறர் நினைவாக வந்து சேர்ந்தவற்றுக்கு எல்லாம் இடம் கண்டுபிடித்து, ஒன்றும் மறையாமல், ஒன்றும் மற்றொன்றை முட்டாமல் நிறுத்துவதே அவருடைய வாழ்நாள் வேலையாயிருந்தது. பத்துப் பொருள்களில் ஒன்பதை விலக்கிவிட்டு ஒன்றை வைப்பவன் ஒரே ஒரு முடிவு செய்தால் போதும். பத்தையும் வைத்துப் பத்தும் தெரியும்படி செய்கிறவருக்குத் தினந்தோறும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இதில் உழைப்பும் சாமானியமன்று. புளி போட்டுத் துலக்கும் பித்தளை, ஒட்டடைக் கம்பு எட்டாத விட்டங்கள், கரையான், மழைக்காலத்து ஈரம் இவற்றோடு ஒரு படையே போராடிற்று. அந்தப் படையில் கூலிக்கு வந்த பெண்களின் முதுகுவலியையும் சேர்த்தே அந்த அழகைக் கணக்கிட வேண்டும் என்பதைக் கணக்கப்பிள்ளையின் மகனாகிய நான் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. வயலில் கடன்பட்ட பர்மியக் குடியானவர்களின் கணக்கும் ஒன்று உண்டு. எங்கள் பேரேட்டில் அது வரவுப் பத்தியில்தான் இருந்தது.

அந்த வரவு நின்றுபோன கதை நீளமானது, சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1930-க்குப் பிந்திய விலைவீழ்ச்சியில் கடன்கள் நிலங்களாக மாறின. 1941 டிசம்பரில் ரங்கூன்மேல் குண்டு விழுந்தது; அடுத்த ஆண்டு கப்பல் கிடைக்காதவர்கள் நடந்தே இந்தியா வந்தார்கள். சுதந்திர பர்மா 1948-இல் நிலங்களைத் தேசவுடைமையாக்கச் சட்டம் செய்தது. 1960-களில் எஞ்சிய கடைகளும் போயின. ஆச்சியின் காலத்திற்குப்பின் பாகப் பிரிவினை வந்தது. வீட்டைக் கூறுபோட முடியாது, ஆகவே பூட்டினார்கள். சாமான்களைக் கூறுபோடலாம், ஆகவே பிரித்தார்கள். ஜோடியைப் பிரிக்கலாகாதென்ற விதி மீறப்பட்டது அன்றுதான்: இணையாக நின்ற நிலைக்கண்ணாடிகள் இரண்டும் இரண்டு ஊர்களுக்குப் போயின. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இன்று ஸ்வீடன் எனாமல் தூக்குகளும் சம்கி ஒட்டிய சரஸ்வதிகளும் விலைக்கு அடுக்கியிருக்கின்றன. அவற்றை வாங்கித் தங்கும் விடுதிகளை அலங்கரிக்கிறவர்கள், படத்துக்கும் படத்துக்கும் நடுவே நிறைய இடைவெளி விட்டு, ஒவ்வொன்றின்மேலும் தனி விளக்குப் போடுகிறார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. யார் வைத்தது என்று கேட்டால் வடிவமைத்த நிபுணரின் பெயரைச் சொல்கிறார்கள்.

அந்தக் கலியாணப் பேத்தியின் தங்கை இப்போது சென்னையில், அடுக்கு மாடிக் கட்டடம் ஒன்றில் இருக்கிறார். வயதில் எனக்கு இளையவராயினும் நான் அவரை ஆச்சி என்றே அழைப்பது வழக்கம். அவர் என்னை அண்ணே என்பார். பாகத்தில் தமக்கு விழுந்ததில் ஒன்றையும் விற்காமல், ஒன்றையும் பரணில் போடாமல், அத்தனையையும் அந்தச் சிறிய வீட்டில் மாட்டியிருக்கிறார். கூரை தாழ்வாதலால் லஸ்தர் விளக்கு நெற்றியில் இடிக்கும்; அதன் கீழே யாரும் நடக்காதபடி சாப்பாட்டு மேஜையை இழுத்துப் போட்டுவிட்டார். சுவரில் மரச்சட்டம் ஓடுகிறது, படங்கள் சாய்ந்திருக்கின்றன, சட்டத்தின் வரிசை தீர்ந்த இடத்தில் இரண்டாம் வரிசை தொடங்கிவிட்டது. அவருடைய கணவர் நல்லவர். பொருட்காட்சியில் குடியிருப்பதாக வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பதோடு சரி.

சென்ற முறை போயிருந்தபோது சரஸ்வதிக்கு நேர் கீழே, கண்ணாடி அலமாரியின்மேல், நீண்ட கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் பாங்குராக் களிமண் குதிரை ஒன்று புதிதாக முளைத்திருந்தது. செட்டிநாட்டுக்கும் அதற்கும் ஒட்டோ உறவோ கிடையாது. “இது ஏது ஆச்சி?” என்றேன்.

“எதிர்வீட்டு வங்காளத்து அம்மா ஊருக்குப் போயிட்டு வந்து குடுத்தாக. தினம் சாயங்காலம் இங்கேதான் டீ குடிக்க வருவாக அண்ணே, உள்ளே வச்சா நல்லாவா இருக்கும்?” என்றார்.

அந்த இடத்தில் முன்பு இருந்தது, கணவருக்கு அவருடைய கம்பெனி கொடுத்த பளிங்குக் கேடயம். அதைத் தேடினேன். புத்தக அலமாரியில் இல்லை, முன்னறையில் இல்லை. கை கழுவப் போனபோது, குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல், ஊறுகாய் ஜாடிக்கும் வானொலிப் பெட்டிக்கும் நடுவே, எழுத்து வெளியே தெரியும்படி ஒழுங்காகத் திருப்பி வைத்திருந்தது.